கத்திக்கும் நிழலுக்கும் நடுவே

விழு. விழுந்து தொலை. அடுத்த தாவலில் ஷூவுக்கு அடியில் இருக்கிற கத்தி வழுக்கி, அந்த நீலப் பாவாடையோடு உட்கார்ந்தபடியே பனியில் சறுக்கிப்போய் விளம்பரத் தட்டியில் முட்டு. திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பை, பைக்கு மேல் போன், போனுக்குள் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி, அவள் விழவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எனக்கும் பதினேழுதான். அவள் பேர் ஹனா, ஜப்பான்காரி, எனக்கு ஒரு கெடுதலும் பண்ணியதில்லை, பவதாரணி என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் விழு. நீ விழுந்தால் கோயமுத்தூரில் வர்தினி என்று ஒருத்தி அழுவாள். எனக்கு அது வேண்டும். அவள் அழுத மூஞ்சியோடு கதவைத் திறக்கவேண்டும், நான் செருப்பைக் கழற்றிவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போகவேண்டும். ஹனா பின்பக்கமாக ஓடி வருகிறாள், தோளுக்கு மேல் ஒரு பார்வை, கத்தி முனையைப் பனியில் குத்துகிறாள், ஏறுகிறாள், காற்றில் பென்சில் மாதிரி சுற்றுகிறாள், நிற்கிறாள். சே. கத்தி தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்டிருக்காது. நல்லா ஆடுகிறாள். ஆடுகிறாள்தான், இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? பொய் சொல்லி ஒருத்தரைப் பிடிக்காமல் போக எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டு அக்கா மடியில் குக்கரை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். கைப்பிடி மாற்றிக்கொண்டு போகிறாராம், ஏறினதுமே சொல்லிவிட்டார். "ஏனுங் அம்மிணி, இது சர்க்கஸுங்களா?" "இல்லீங்க்கா, பனி மேல சறுக்கி ஆடறதுங்க. உலகப் போட்டி." "ஓ. கீழ கண்ணாடியாட்ட இருக்குது. அந்தப் புள்ளைக்குத் தல கிறுகிறுக்காதா?" "பழகிருமுங்க." "நம்ம புள்ளைங்களா?" "இல்லீங்க." "அப்பறம் நீ ஏன் கண்ணு பல்லக் கடிச்சுட்டுப் பாக்கற?" பல்லை விட்டேன். தாடை வலித்தது.

அவினாசி தாண்டுகிறது. வெயில் கண்ணாடி வழியாகப் போனில் விழுந்து ஹனாவின் முகத்தையே காணோம், கையை வளைத்து மறைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. குரூப்பில் எல்லாரும் நீல இதயமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். ஹனாவுக்கு நீலம், என் ஆள் ஐனோவுக்கு, ஃபின்லாந்துக்காரி, வெள்ளை, யார் வைத்த வழக்கமோ. குரூப் பேர் பனிக்கத்தி. பனியையே பார்க்காத தமிழ் ஜனம் ஒரு இருநூறு பேர், மதுரை, ஓசூர், நாகர்கோவில், துபாயில் ஒரு அண்ணன், எல்லாரும் சேர்ந்து எவள் கத்தியின் எந்த ஓரத்தில் ஏறினாள், எவளுக்கு எந்த ஊர் நடுவர் கூட்டிப் போட்டான், பேர் வாங்கினவளுக்கு மட்டும் நடைக்கும் கைவீச்சுக்கும் ஏன் மார்க் கொட்டுகிறது என்று விடிய விடியச் சண்டை போடுகிற குரூப். எனக்கு அதைவிடப் பிடித்த இடம் உலகத்தில் இருந்ததில்லை. போன வருஷம்வரை என்று சொல்லவேண்டும். வர்தினிதான் அட்மின், ஹனா அவளுடைய ஆள். எஞ்சினியரிங் கடைசி வருஷம். விதிப்புத்தகம் முழுக்கப் படித்தவள், அது அவளுக்கு மனப்பாடம், யார் என்ன கேட்டாலும் எத்தனையாவது விதி என்று எடுத்துப் போடுவாள். பேனல் சொன்னா முடிஞ்சுது, அது அவளுடைய முத்திரை வாக்கியம், பேனல் என்றால் தாவலை மறுபடி போட்டுப் பார்த்துக் குறை பிடிக்கிற நடுவர் குழு. போன வருஷ உலகப் போட்டியில் என் ஐனோ நாலாவது வந்தாள். மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே ஒரே ஒரு லட்ஸ். லட்ஸ் என்றால் பின்னால் ஓடிவந்து எதிர்ப்பக்கம் திரும்பிக் குத்தி ஏறுகிற தாவல், மூணு சுத்து. இறங்கும்போது கால் சுத்துக்கு மேல் குறைந்தால் மார்க்கை வெட்டிவிடுவார்கள். வெட்டினார்கள். குறையவில்லை என்று நான் கத்தினேன். வர்தினி ஒரு படத்தைப் போட்டாள், ஐனோவின் பாதத்தில் நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பாருங்க, விரல் எங்கே பார்க்கிறது பாருங்க என்று. அது கத்தி பனியைத் தொட்ட படமே இல்லை, அதற்கு முந்தின படம், கத்தி இன்னும் காற்றில் இருக்கிறது, மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு அது தெரியாது என்று நான் எழுதினேன். தப்புத் தப்பாக எழுதினேன், அழுதுகொண்டே எழுதினேன், அழுகிற மூஞ்சியை செல்ஃபி எடுத்து வேறு போட்டேன், லூசு மாதிரி. அதற்கு அவள் போட்ட பதில். "கோணம் பத்தாவது கணக்குல வரும் பவா, முதல்ல அத முடிச்சிட்டு வா, அப்பறம் பேசலாம்."

கணக்கில் நான் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். குரூப்பில் சேர்ந்த அன்றைக்கு என்ன படிக்கிறீங்க என்று கேட்டார்கள், ஒண்ணும் படிக்கல, டென்த்துல கணக்குல போச்சு, நின்னுட்டேன், பனியன் கம்பெனில பேக்கிங் என்று எழுதினேன். எதுக்கு மறைக்கணும்? அன்றைக்கு எல்லாரும் கைதட்டு போட்டார்கள், செம தைரியம் என்றார்கள். அந்தக் கைதட்டு போட்ட அதே கைகள்தான் கோணம் ஜோக்குக்கும் சிரித்தன. அடுத்த நாள் வர்தினி என் அழுத மூஞ்சியை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டாள். என் மூக்கு சிவந்திருக்கும், ஒரு பக்கத்து முடி வாயில் ஒட்டியிருக்கும், கீழே எழுத்து: கால் சுத்து பாக்கி. அவ்வளவு நல்லா வந்தது அந்த ஸ்டிக்கர், அதுதான் கொடுமை. ஓசூர்க்காரி டீயில் சர்க்கரை குறைவு என்று அதைப் போடுவாள். துபாய் அண்ணன் சம்பளம் வராத மாசத்துக்கு அதைப் போடுவார். ஒருநாள் கம்பெனியில் எங்கள் மேஜைக்கு வருகிற பையன், சறுக்காட்டம் என்றால் என்னவென்றே தெரியாதவன், அவனுடைய மச்சான் அனுப்பினானாம், அதை என்னிடமே காட்டி, "ஏ, இது உன்னயாட்டவே இருக்குது பாரு" என்றான். நான் ஆமா என்று சிரித்தேன். சிரித்துவிட்டு பாத்ரூமில் போய்ச் சுவரைக் குத்தினேன். வலித்த கையோடு சாயங்காலம்வரை டப்பா மடித்தேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன். என்ன முடிவு என்று அன்றைக்குத் தெரியாது. முடிவு பண்ணினது மட்டும் தெரியும்.

அம்மா கூப்பிடுகிறாள். ஹனாவின் மார்க் வரப்போகிற நேரம் பார்த்து. "ஏஞ்சாமி, சீட்டுக் கெடச்சுதா?" "கெடச்சுதும்மா." "அங்க போயி ஆருகிட்டயும் வாயக் குடுக்காத. படிச்ச புள்ளைக." "சரிம்மா." "பிஸ்கட்டு வாங்கிட்டுப் போ, வெறுங்கையோட போகாத." "சரி வையிம்மா." வெறுங்கையோடு போகவில்லை அம்மா. போனுக்குள் வைத்திருக்கிறேன். எட்டு மாசம் தேடினேன். போன வருஷப் போட்டியைப் பார்க்க மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எடுத்துப் போட்ட வீடியோ ஒவ்வொன்றாக, ஃபின்லாந்து பாஷையில் ஐனோ பேரை எழுதக் கற்றுக்கொண்டு தேடினேன். கிடைத்தது. தட்டிக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்த யாரோ எடுத்தது, கை ஆடுகிறது, முன்னாலிருக்கிற ஆளின் தொப்பி பாதியை மறைக்கிறது, ஆனால் கேமரா பனியின் மட்டத்தில் இருக்கிறது. ஐனோ இறங்குகிறாள். வர்தினி நிறுத்தின அதே நொடி, ஐனோவின் இடது கை அதே மாதிரி மார்புக்குப் பக்கத்தில். நிறுத்திப் பார்த்தால் கத்தி இருக்கிறது, கீழே பனியில் கத்தியின் நிழல் இருக்கிறது, ரெண்டுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். தொடவில்லை. அடுத்த படத்தில்தான் கத்தியும் நிழலும் ஒட்டுகின்றன, அப்போது பாதம் திரும்பி முடித்தாயிற்று. குறையவே இல்லை. அந்த ஒரு கோடு வெளிச்சத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்? கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. குரூப்பில் போடவில்லை. போட்டால் என்ன ஆகும், என் மூஞ்சியையே அதற்கு மேல் போட்டு மூடிவிடுவார்கள். அதனால்தான் போட்டி முடிந்ததும் சாயங்காலம் வர்தினி வீட்டு மாடியில் புரொஜெக்டர் வைத்து எல்லாத்தையும் மறுபடி பார்க்கலாம், வரமுடிகிறவர்கள் எல்லாரும் வாங்க என்று அவள் அழைத்ததும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். வா பவா, சந்தோஷம் என்று எழுதினாள். சந்தோஷம். அவளுடைய சுவரில், அவளுடைய புரொஜெக்டரில், சுவர் உயரத்துக்கு அந்த ஒரு கோடு வெளிச்சத்தை நிறுத்திவைத்துவிட்டு, கோணம் எத்தனையாவது பாடமுங்க்கா என்று கேட்கப்போகிறேன். தினமும் கேட்டுப் பழகியிருக்கிறேன். சத்தமாக இல்லை, மெதுவாக, மரியாதையாக. அக்கா என்று கட்டாயம் சொல்லவேண்டும். மனசுக்குள் அவள், வாயில் அக்கா.

ஹனாவுக்கு மார்க் வந்துவிட்டது. முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் மூணு பேர் பாக்கி, கடைசி ஆள் ஐனோ. கருமத்தம்பட்டியில் ஒரு கும்பல் ஏறுகிறது, யாருடைய பையோ என் காதில் இடிக்கிறது. நடுவில் ரெண்டு பேர் ஆடி ஹனாவைத் தள்ளி மேலே போகிறார்கள், அமெரிக்காக்காரி ஒருத்தி, கொரியாக்காரி ஒருத்தி, ரெண்டு பேரும் சந்தேகமில்லாமல் மேலே. எனக்கு அவர்கள்மேல் கோபமும் இல்லை ஆசையும் இல்லை. ஹனா இப்போது மூணாவது. கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டுகிறாள். ஐனோ நன்றாக ஆடினால் ஹனா நாலாவது. கால் சுத்து பாக்கி என்று ஒருத்தன் இப்போதே ஸ்டிக்கர் போட்டுவிட்டான். என் மூஞ்சி. நான் பூட்டு போட்டேன். அது குரூப்பின் சட்டம், தன் ஆள் பனியில் இறங்கினதும் பூட்டுப் படத்தைப் போட்டுவிட்டு மார்க் வருகிறவரை வாயைத் திறக்கக்கூடாது, மார்க் வந்ததும் முதல் பேச்சு பூட்டுப் போட்டவளுடையது, அவள் பேசுகிறவரை மற்றவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. தன் ஆளுக்குத் தானே நியாயம் சொன்னால் எப்படி இருக்கும் என்று வர்தினி கொண்டுவந்த சட்டம். அங்கே மேஜையில் உட்கார்ந்திருக்கிற நடுவர்கள் அவரவர் நாட்டுப் பிள்ளைக்கு அவரவரே மார்க் போடுகிறார்கள், அவர்களுக்குப் பூட்டு இல்லை, எங்களுக்கு இருக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். நல்ல சட்டத்தை ஒரு கெட்டவள் கொண்டுவந்தால் அது கெட்ட சட்டம் ஆகாது. எரிச்சலாக இருக்கிறது.

ஐனோ வந்துவிட்டாள். பழைய பச்சை உடுப்பு. இருபத்தஞ்சு வயசு, இந்த ஆட்டத்தில் அது கிழவி. முட்டியில் ரெண்டு தடவை ஆபரேஷன் கத்தி பட்டவள், இதுதான் கடைசி வருஷம் என்று சொல்லிவிட்டாள், அதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நடுவில் நிற்கிறாள், மூச்சு விடுவது தெரிகிறது, மூக்கு சிவந்திருக்கிறது, என் மூக்கு மாதிரி. ஸ்க்ரீன் ரெக்கார்டை அழுத்தினேன். எப்போதும் பண்ணுவதுதான், அப்புறம் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்க. இசை ஆரம்பிக்கிறது, எனக்கு பஸ் சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் தெரியும், எந்த இடத்தில் வயலின் எந்த இடத்தில் ஒண்ணுமில்லாமல் வெறும் கத்திச் சத்தம் என்று எல்லாம் தெரியும். முதல் தாவல், நின்றாள். ரெண்டாவது, நின்றாள். சுழல்கிறாள், தலை பின்னால் தொங்க, கழுத்து விரிய, குக்கர் அக்கா "அடி ஆத்தா" என்கிறார். நீலாம்பூர் பாலம் ஏறுகிறது பஸ், சிக்னல் போய்விடுமோ என்று உயிர் போகிறது, போகவில்லை. இப்போது லட்ஸ். அதே லட்ஸ், ஆட்டத்தின் பின்பாதியில், கால் செத்துப்போன நேரத்தில், போன வருஷம் வைத்த அதே இடத்தில் வைத்திருக்கிறாள், வீம்புக்காரி. பின்னால் ஓடுகிறாள், தோள் திரும்புகிறது, குத்தினாள். ஏறினாள். உயரம் குறைவு. எனக்கு ஏறும்போதே தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி இருந்தேன். இறங்கினாள். நின்றாள். கூட்டம் எழுந்துவிட்டது. "நல்லாத்தான் நின்னுது" என்றார் குக்கர் அக்கா. "நின்னாப் போதாதுங்க்கா" என்றேன். "பின்னே?" "முழுசாச் சுத்தியிருக்கோணும்." "சுத்துச்சில்ல?" நான் போனைப் பார்த்தேன். ஐனோ முடித்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கினது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வேறு ஏதோ ஒன்று கண்ணுக்குப் பின்னால் எலி மாதிரி சுரண்டிக்கொண்டே இருந்தது.

மறுபடி காட்டினார்கள். மெதுவாக, தரையோடு தரையாக வைத்த கேமராவிலிருந்து, அந்த லட்ஸ் மட்டும், ஒரு கண்சிமிட்டு நேரம், உடனே அவள் அழுகிற முகத்துக்குப் போய்விட்டார்கள். எல்லாரும் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். நான் ரெக்கார்டை நிறுத்தி, பின்னால் போய், விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். கத்தி. நிழல். நடுவே வெளிச்சம். இன்னும் ஒன்று. வெளிச்சம் மெலிகிறது. இன்னும் ஒன்று. ஒட்டிவிட்டது. கத்தி பனியில் இருக்கிறது. விரல் தட்டியைப் பார்க்கிறது. கால் சுத்துக்கு மேல் பாக்கி. மறுபடி தள்ளினேன். பாக்கி. போனைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன், திருப்பினால் மாறுமா, பைத்தியம். குறைகிறது. இன்றைக்கு உண்மையாகவே குறைகிறது. பேனல் பார்ப்பது மேலே இருக்கிற ஒரே ஒரு கேமராவைத்தான், டிவிக்காரனின் தரைக் கேமரா அவர்களுக்குக் கிடையாது, அவர்கள் கண்ணுக்கு முழுசாகத்தான் தெரிந்திருக்கும். மார்க் வந்தது. ஐனோ மூணாவது. ஹனா நாலாவது, ஒரு நூலிழையில். அந்த லட்ஸுக்கு வெட்டியிருந்தால் தலைகீழ். ஐனோ பயிற்சியாளர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள். மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஹனா எழுந்து நின்று கை தட்டுகிறாள், காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

குரூப்பில் ஐனோ பேச்சை யாரும் எடுக்கவில்லை. முதல் பேச்சு என்னுடையது. பவா பூட்டத் திற. பவா எங்க? பவா மயங்கி விழுந்துட்டா போல. பஸ்ல இருக்கா, சிக்னல் இல்லையோ என்னவோ. துபாய் அண்ணன் வெள்ளை இதயத்தை மட்டும் ஒன்று போட்டுவிட்டுச் சட்டம் ஞாபகம் வந்து அழித்தார். என் விரல் எழுத்துகளுக்கு மேல் நிற்கிறது. எழுதவேண்டியது ஒரே வார்த்தை. ஜெயிச்சுட்டோம். அதற்குத்தானே ஒரு வருஷம். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், நான் வாயை மூடினால் முடிந்தது. போன வருஷம் அவளிடமிருந்து அநியாயமாக எடுத்தார்கள், இந்த வருஷம் அநியாயமாகக் கொடுத்தார்கள், சமமாகிவிட்டது. இப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். சமமா? போன வருஷம் எடுத்தது வேறு ஒருத்திக்குப் போனது, இந்த வருஷம் கொடுத்தது ஹனாவிடமிருந்து எடுத்தது. என் வீட்டில் ஒருத்தன் திருடினதுக்கு, பக்கத்து வீட்டில் திருடி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அது என்ன கணக்கு? அந்தக் கணக்கு எனக்கு வராது. எனக்குத்தான் கணக்கே வராதே. பத்தாவதில் கடைசி வடிவியல் கணக்கை நான் சரியாகப் போட்டேன். காம்பஸ் முனை தாளில் ஓட்டை போட்டது ஞாபகம் இருக்கிறது, தொடுகோடு வட்டத்தைத் தொட்ட இடம் ஞாபகம் இருக்கிறது. அந்த ஒன்று இருந்தால் பாஸ். மறுகூட்டலுக்குப் போட்டோம். கூட்டல் சரியாக இருக்கிறது, மாற்றமில்லை என்று வந்தது. நான் கூட்டலையா கேட்டேன்? அந்தக் கணக்கைத் திருத்தினவர் பார்த்தாரா என்று கேட்டேன். அதைக் கேட்க இடம் இல்லையாம், கூட்டல் மட்டும்தானாம். இந்த ஆட்டத்திலும் அதே விதிதான், வர்தினிதான் எடுத்துப் போட்டாள் போன வருஷம், நான் ஏன் முறையிடக்கூடாது என்று கேட்டபோது. "பேனல் போட்டத யாரும் கேக்க முடியாது பவா. கூட்டல் தப்புன்னா மட்டும் முறையிடலாம்." உலகம் முழுக்க ஒரே ஆள்தான் விதி எழுதுகிறானோ என்னவோ. திரும்ப எழுதலாம் என்று டீச்சர் சொன்னார்கள். எழுதினால் முதல் தடவை நான் தப்பாகப் போட்டேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. எழுதவில்லை. நின்றுவிட்டேன்.

ஹோப்ஸ் காலேஜ் நிறுத்தம். குக்கர் அக்கா இறங்குகிறார். "அந்தப் பச்சப் பாவாட ஜெயிச்சுதா கண்ணு?" "ஜெயிச்சுதுங்க." "அப்பறம் ஏன் மூஞ்சி இப்டி இருக்குது? சிரி." போய்விட்டார். காலியான சீட்டில் வெயில் வந்து உட்காருகிறது. ஐனோ, உனக்கு இது கடைசி. நீ மேடையில் அழுது சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் கழுத்தில் இருக்கிறதை யாரும் கழற்றப்போவதில்லை, நான் என்ன சொன்னாலும் கழற்றமாட்டார்கள், அதற்குத்தான் விதி இருக்கிறதே. அப்படியென்றால் சொன்னால் யாருக்கு என்ன? எழுத்துகளுக்கு மேல் நின்ற விரல் இறங்கினது. அப்போதுதான் தெரிந்தது. சொன்னால் வர்தினிக்குத் தெரியும். அவ்வளவுதான். ஹனாவுக்கு வரவேண்டியது வராமல் போனது என்று தெரியும், அதை எங்கேயும் போய்க் கேட்கமுடியாது என்றும் தெரியும். குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூங்குவதற்கு முன்னால் அந்த ஒரு படம் அவள் கண்ணுக்குள் வந்து நிற்கும். ஒரு வருஷம் நான் தின்றதை அவள் தின்பாள். நான் மறைத்தால் அவள் நிம்மதியாக இருப்பாள். எதற்கு அவள் நிம்மதியாக இருக்கவேண்டும்? இதைவிடப் பெரிய கத்தி எனக்குக் கிடைக்காது. அது பொய்யும் இல்லை. நல்ல மனசால் சொன்னாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால் அவர்களையும் குத்துவேன்.

பூட்டைத் திறக்காமலே காந்திபுரத்தில் இறங்கினேன். கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில், கரும்புச்சாறு வண்டியோரம், கையில் ரெண்டு ஹெல்மெட்டோடு வர்தினி நின்றாள், சொல்லாமலே கூட்டிப்போக வந்திருக்கிறாள். இவ்வளவு குள்ளமாக இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "பவா! நீதான? ஸ்டிக்கர்ல பாத்த மூஞ்சி அப்டியே..." சொல்லிவிட்டு நிறுத்தினாள். நாக்கைக் கடித்தாள். "ஸாரி. வா. வெயில்ல வந்துட்ட. ஜூஸ் குடிக்கறியா?" "வேண்டாங்க்கா." "ஏன் குரூப்ல ஒண்ணும் சொல்லல? எல்லாரும் வாயக் கட்டிட்டு ஒக்காந்துருக்காங்க. நா வழியில வண்டிய ஓரமா நிறுத்தி மார்க் மட்டுந்தான் பாத்தேன். பாத்துட்டு அங்கயே கொஞ்சம் அழுதேன், பொய் சொல்லல. ஆனா பரவால்ல பவா. ஒங்க ஐனோ க்ளீன். பேனல் தாள்ல ஒரு குறி இல்ல. பேனல் சொன்னா முடிஞ்சுது. கங்கிராட்ஸ்." கையை நீட்டினாள். கையில் ஹெல்மெட் வேர்வை. நான் அந்தக் கையில் போனை வைத்தேன்.

"க்ளீன் இல்லீங்க்கா."

"என்ன?"

"பாருங்க. இது தரைக் கேமரா. கத்தியும் நிழலும் ஒட்டிருச்சு பாருங்க. வெரல் எங்க பாக்குது?"

ஹெல்மெட்டுகளை வண்டிமேல் வைத்துவிட்டுப் பார்த்தாள். பின்னால் தள்ளினாள், முன்னால் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கரும்புச்சாறுக்காரர் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தட்டியப் பாக்குது" என்றாள்.

"அப்ப?"

"கொறையுது. கால் சுத்துக்கு மேல." பிறகு, ரொம்ப மெதுவாக, "பவா, அது ஹனாவோடது."

"ஆமாங்க."

"இத... எங்கயாவது..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் நான் சொன்னேன், பழகிவைத்த மாதிரியே, மெதுவாக, மரியாதையாக. "கூட்டல் தப்புன்னா மட்டும் முறையிடலாமுங்க்கா."

அந்த மூஞ்சி. ஒரு வருஷமாக நான் பார்க்கவேண்டும் என்று இருந்த மூஞ்சி. மூக்கு சிவந்து, உதடு உள்ளே போய், ஒரு பக்கத்து முடி வேர்வையில் கன்னத்தோடு ஒட்டி. பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன், ஒவ்வொரு படமாக. நல்லா இருந்தது. நல்லா இல்லை என்று சொன்னால் பொய்.

"நீ ஏன் எங்கிட்டச் சொன்ன? ஒன் ஆளு. நீ சொல்லலன்னா எனக்குத் தெரியவே தெரியாது."

"அதுக்குத்தாங்க்கா சொன்னேன். இப்ப இதயும் பாருங்க. நான் என் ஆளுக்காகச் சொல்றவ இல்லன்னு இப்பத் தெரிஞ்சுதில்ல? இப்பப் பாருங்க." போன வருஷத்து வீடியோவைத் திறந்து, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்திக் கொடுத்தேன். ஆடுகிற கை, தொப்பி, ஐனோவின் இடது கை மார்புக்குப் பக்கத்தில். கத்தி. நிழல். நடுவே ஒரு கோடு வெளிச்சம். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். ஈரோடு, சேலம் என்று பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தொடல" என்றாள். "நான் ஒரு ஃப்ரேம் முன்னாடியே நிறுத்திட்டேன்."

கோணம் எத்தனையாவது பாடம் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கத் தேவைப்படவில்லை.

"அந்த ஸ்டிக்கர எல்லாரையும் அழிக்கச் சொல்றேன் பவா. இன்னிக்கே சொல்றேன்."

"அழிச்சாப் போகாதுங்க. அது எங்க கம்பெனி வரைக்கும் வந்துருச்சு." போனைத் திரும்ப வாங்கினேன். "அக்கா, இன்னும் அழுகையா வருதுங்களா?"

"வருது."

"அப்படியே நில்லுங்க. அந்த முடிய எடுக்காதீங்க."

புரிந்துகொண்டாள். படித்தவள், புரியாதா. கைகளைத் தொங்கவிட்டு, கரும்புச்சாறு வண்டிக்கு முன்னால் நேராக நின்றாள். எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணை மூடிவிட்டாள். நானும் ஒரு ஃப்ரேம் முன்னாடியே அழுத்திவிட்டேன், ஸ்டிக்கருக்கு ஆகாது.

இன்னொன்று எடுத்தேன்.